திருகு இம்மியும் நகரவில்லை என்று நான் சொன்னது

என் பெயர் டெஸ்மண்ட் க்விலியம், வயது 63, த/பெ ஆல்பர்ட். ஹெரிஃபோர்டு பக்கம் மார்ல்ஸ்டோ கிராமம், சேப்பல் சந்து, 4-ஆம் எண் வீட்டில் குடியிருக்கிறேன். ஏர்கன் எனப்படும் காற்றுத் துப்பாக்கிகளில் பழையவற்றைப் பழுது பார்ப்பது தொழில். யாரும் அழைக்காமல் நானாகக் காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் பப்பில் வெள்ளிதோறும் மணி சுடும் போட்டி நடக்கும். ஆறு கெஜ தூரத்தில் இரும்புத் தகடு, நடுவில் ஒரு துளை. குண்டு துளைக்குள் போனால் பின்னாலிருக்கும் மணி அடிக்கும். திருமதி ஹிலரி ப்ரீஸ், வயது 71, முப்பது வருடமாக எங்கள் அணியில் சுடுகிறார். துப்பாக்கி அவர் மாமனார் காலத்தது. சென்ற மாதம் அவருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை ஆனது. புதுப் பார்வைக்குத் தோதாகக் குழாய்மேல் குறிபார்க்கும் முளையைச் சற்று நகர்த்த வேண்டியிருந்தது. ஒரே அறை, ஒரே தூரம் என்பதால் அந்த முளையை ஏற்றி இறக்கும் திருகை அதுவரை தொட வேலையே இல்லை. அது துருவேறி இறுகிக் கிடந்தது. 3-ஆம் தேதி என்னிடம் கொடுத்து, "இறுக்கத்த மட்டும் எடுத்துட்டு பழைய இடத்துலயே விட்டுரு டெஸ். மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

நான் திருகு நிற்கும் இடத்துக்கு நேராகப் பென்சிலால் கோடு போட்டேன். அதன் பிறகு துரு இளக்கும் எண்ணெய் விட்டு மூன்று நாள் ஊறவைத்து, அதன் பிறகு முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி, பித்தளைக் கம்பியை வைத்து மெல்லத் தட்டினேன். நான்காம் நாள் அசைந்தது. சந்தோஷம் தாங்காமல் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் பலமுறை திருகினேன். அதன் பிறகு கோட்டைத் தேடினால், எண்ணெய்த் துணியால் நானே துடைத்திருந்தேன். நாற்பது வருடம் இதே வேலை செய்தவன் பென்சிலால் குறிக்கலாமா? குத்துமதிப்பாக ஓர் இடத்தில் நிறுத்தினேன்.

10-ஆம் தேதி மாலை பப்பில் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தபோது, "பழைய இடந்தானே?" என்று கேட்டார். "இம்மிகூட நகரல" என்றேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். என் கைவேலையின் குறையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு அவர் சுட்டார். குண்டு மேலேறி இரும்புச் சட்டத்தில் பட்டுத் தெறித்து, குண்டு பட்ட தடம் தெரியத் தகட்டுக்கு அவ்வப்போது வெள்ளை பூசப் பக்கத்தில் நின்ற க்ளைவ் பஃப்டனின் புருவத்தைக் கிழித்தது. நான்கு தையல்.

"கண்ணு தெரியலன்னா வீட்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்ன வேண்டியதுதானே!" என்று க்ளைவ் கத்தினார்.

"என் கண்ணுதான் க்ளைவ், என் கண்ணுதான்" என்று ஹிலரி துப்பாக்கியைக் கீழே வைத்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். பேசவில்லை. அதற்காக வெட்கப்படுகிறேன்.

மறுநாள், பார்வைக் குறைவால் நடந்ததாக அவர் இங்கே எழுதிக் கொடுத்தார். இனிச் சுடுவதில்லை என்று முடிவு செய்து, இன்று துப்பாக்கியை ஒப்படைக்க அவரே கார் ஓட்டி வந்தார். அவர் கண்ணைப் பற்றிச் சாட்சி சொல்ல வருகிறேன் என்று நினைத்து என்னையும் ஏற்றிக்கொண்டார். பதினோரு மைல், நல்ல மழை. வழியில் தூரத்து வயலில் முயல் நிற்கிறது என்று காட்டினார். கண்ணாடி போட்டும் எனக்குத் தெரியவில்லை.

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தை ரத்து செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இது என்மேல் வழக்காகலாம் என்று அதிகாரி சொன்னார். தெரிந்துதான் சொல்கிறேன்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் கலக்கவில்லை. ஹிலரி இன்னும் வெளியே பெஞ்சில் துப்பாக்கி உறையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இங்கிருந்து எழுந்ததும் அவரிடமும் இதைச் சொல்வேன். திரும்பிப் போக என்னைக் காரில் ஏற்றுவாரா, தெரியாது.

(ஒப்பம்) டெஸ்மண்ட் க்விலியம்