விரலுக்கேற்ற விசை

— இல்லையெண்டு சொல்லிவிடுங்கோ, எமில் அண்ணை. என்ரை மகளின்ரை துவக்குக்குப் பொருந்திற ட்ரிகர் இந்தப் பாரீசிலையே இல்லையெண்டு சொல்லுங்கோ. ஒரு வசனம்தானே. அதைத்தான் கேக்கிறன்.

— யேசுரட்ணம், நான் ரெண்டு ட்ரிகரை பையில போட்டுக்கிட்டு வந்து உங்க முன்னாடி உக்காந்திருக்கேன். துப்பாக்கி சுடற கிளப்புல வச்சு அனுஜாகிட்ட இருக்குன்னு சொன்னதே நான்தான். இப்ப போய் இல்லைன்னா எப்படி?

— கொண்டந்து பாத்தனான், சரிவரேல்லை எண்டு சொல்லுங்கோ. நீங்கள் சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாள். நான் வாய் திறந்தால்தான் ‘மே பாப்பா’ எண்டு பிரெஞ்சிலை எதிர்க்கதை தொடங்குவாள்.

— அலோர், கேளுங்க. நான் பென்ஷன் வாங்கற வரைக்கும் பிரெஞ்சு ஆர்மியில துப்பாக்கி ரிப்பேர் பண்ணவன். பொய் சொல்லாதவன் இல்ல. பொண்டாட்டி பிலோமினாகிட்ட சொல்லியிருக்கேன், கர்னல்கிட்ட சொல்லியிருக்கேன், பாவசங்கீர்த்தனத்துல சாமியார்கிட்டயே சொல்லியிருக்கேன். ஆனா துப்பாக்கி விஷயத்துல மட்டும் சொன்னதில்ல. அதுல சொன்னா யாராவது செத்துப்போவாங்க.

— இது துவக்கைப் பற்றின பொய் இல்லை அண்ணை. என்ரை பிள்ளையைப் பற்றினது.

— பிள்ளையா? முப்பது வயசு ஆகப்போகுது. இங்க பாரீஸ் பக்கத்துல பொண்டியில, பார்மசியில நின்னு ஊருக்கே மருந்து குடுக்கறா. லைசன்ஸ் இருக்கு, ப்ரெஃபெக்சூர் ஆபீஸ் அனுமதி இருக்கு, வீட்டுல பூட்டு போட்ட இரும்புப் பெட்டி இருக்கு. அட்டையில வட்டம் போட்டு அதைச் சுடறா. ஒரு புறாவைக் கூட சுடமாட்டா.

— அந்த இரும்புப் பெட்டி என்ரை கட்டிலுக்கு அங்காலைச் சுவரோடை கிடக்கு. வில்லியே லே பெல்லிலை எங்கடை வீடு எவ்வளவு பெரிசெண்டு உங்களுக்குத் தெரியும்தானே. படுத்தால் எனக்கும் அதுக்கும் நடுவிலை ஒரு சுவர். துவக்குச் சத்தம் கேக்காத இடம் எண்டுதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். அவள் அதைக் காசு குடுத்து வாங்கி வீட்டுக்கை கொண்டந்து வைச்சிருக்கிறாள்.

— அது கஷ்டம்தான். நான் இல்லைன்னு சொல்லல.

— நீங்கள் இல்லையெண்டு சொன்னால் விட்டிடுவாள். தாயிட்டைச் சொன்னவளாம், இந்த ட்ரிகர் அலுவல் சரிவராட்டி துவக்கை வித்துப்போட்டு விட்டிடுறன் எண்டு. அதாலைதான் இண்டைக்கு வேலைக்கும் போகாமல் அவளுக்கு முந்தி வந்து நிக்கிறன்.

— அதுக்குத்தான் லா ஷப்பேல் கடையில உக்கார வச்சு ரோல்ஸும் டீயும் வாங்கிக் குடுக்கறீங்களா? நான்கூட என் மேல பாசம்னு நினைச்சேன்.

— பகிடி விடாதேங்கோ அண்ணை.

— சரி, விடலை. நான் பார்த்ததைச் சொல்றேன். அவ துப்பாக்கியில இப்ப இருக்கறது கம்பெனி போட்டுக் குடுத்த ட்ரிகர். ரொம்ப கெட்டி. நல்ல விரலுக்கே கஷ்டம். இவளுக்கு சுட்டுவிரல் பாதிதான் மடங்குது, நுனியில உணர்ச்சியும் இல்ல. அமுக்க அமுக்க மொத்த கையும் இழுக்குது, குண்டு எங்கயோ போகுது. அழமாட்டா. உதட்டைக் கடிச்சுக்கிட்டு அடுத்த குண்டு போடுவா. ஒரு வருஷமா அதைப் பார்த்துக்கிட்டிருக்கேன்.

— இடது கையாலை சுடச் சொல்லலாமே.

— சொன்னேன். நடுவிரலை வச்சு அமுக்கலாம்னும் சொன்னேன். நொன். அந்த விரல்தான் வேணுமாம். ஏன்னு கேட்டா சிரிக்கறா.

— அந்த விரல்தானோ?

— வுய். அந்த விரல்தான். என்ன ஆச்சு அதுக்கு? அவ சொன்னதே இல்ல.

— கதவிலை அடிபட்டது.

— எந்தக் கதவு?

— ட்ரக்டர் இழுக்கிற பெட்டியின்ரை பின்கதவு. மன்னாரிலையிருந்து வெளிக்கிட்டு வன்னிக்குள்ளை இடம்பெயர்ந்து திரிஞ்ச காலம். வீடு வாசல் எல்லாம் அந்தப் பெட்டிதான். எங்களுக்கு மூத்தவன் ஒருத்தன் இருந்தவன், அலெக்சிஸ். வீட்டுக்கு ஒராள் சண்டைக்கு வரவேணும் எண்டு இயக்கக்காரர் அவனைக் கொண்டுபோச்சினம். ஆள் திரும்பேல்லை. உடம்பும் வரேல்லை. ஒண்டைக் குடுத்தாச்சு, மற்றதை விடுவினம் எண்டு இருந்தம். கடைசி நேரம் அந்தக் கணக்கும் இல்லையெண்டிட்டினம்.

— அவ சின்னப் பொண்ணு இல்லையா அப்ப?

— பதின்மூண்டு. ஆனால் வளர்த்தி. பாத்தால் பதினேழு எண்டு சொல்லுவினம். பக்கத்துக் கொட்டில் பிள்ளையைத் தாய் காலைப் பிடிச்சு இழுக்க இழுக்கக் கொண்டுபோனவங்கள். அடுத்தது எங்கடைதான் எண்டு தெரியும். ஒளிக்க இடமில்லை. நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது? ஒரு தகப்பனுக்கு அப்பிடியொரு கையாலாகாத்தனம் வரக்கூடாது அண்ணை.

— அப்புறம்?

— அப்பத்தான் விரல் போனது. அவங்கள் வந்து சீலைக் கட்டை அவிட்டுக் கையைப் பாத்தவங்கள். இது துவக்குப் பிடிக்க ஏலாத கை எண்டு விட்டிட்டுப் போட்டாங்கள்.

— அலோர், அந்தக் கதவுதான் அவளைக் காப்பாத்திச்சு.

— ஓம். கதவுதான்.

— ஆர்மி லாரியில கதவுல கை மாட்டினவங்களை நான் பார்த்திருக்கேன். நாலு விரலும் நசுங்கும். இவளுக்கு ஒண்ணுதான். பக்கத்து விரல்ல ஒரு கீறல் கூட இல்ல.

— கடவுள் செயல்.

— யேசுரட்ணம், என்ன ஆச்சு? கோப்பையை ஏன் இப்படித் தள்ளி விடறீங்க? டீ எல்லாம் மேசையில கொட்டுது பாருங்க. வேற சொல்லவா?

— வேண்டாம் அண்ணை. எந்த விரல் ஏலாமல் போனதாலை என்ரை பிள்ளை உயிரோடை இஞ்சை வந்து சேர்ந்தவளோ, அந்த விரலையே கொண்டுபோய் அதிலை வைக்கிறாள். நான் என்னெண்டு பாத்துக்கொண்டு இருக்கிறது? உங்கடை காலைப் பிடிச்சுக் கேக்கிறன்.

— எழுந்திரிங்க. எழுந்திரிங்கன்னா. கடையில எல்லாரும் பார்க்கறாங்க. அதோ அவ வந்துட்டா, முகத்தைத் துடைங்க.

— பார்தோன், எமில் அங்கிள், பிந்திப்போச்சு. மஜந்தா ஸ்டேஷனுக்குக் கிட்ட ட்ரெய்ன் நிண்டிட்டுது. அப்பா? நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்? ரெண்டு பேரும் கூடியிருந்து எனக்கு மாப்பிள்ளை பாக்கிறியளோ?

— சும்மா வந்தனான் பிள்ளை. ரீ குடிக்க.

— ரீ எல்லாம் மேசையிலை கிடக்கு. சரி அங்கிள், ட்ரிகர் இருக்கோ, இல்லையோ?

— அண்ணை.

— இருக்கும்மா. ரெண்டு கொண்டு வந்திருக்கேன். மன்னிச்சிருங்க யேசுரட்ணம், என்னால முடியாது. அனுஜா, இந்தப் பக்கம் உக்காரு. பையை மறைச்சு வை, பக்கத்து மேசைக்காரர் போலீஸைக் கூப்பிட்டுடப் போறார். ரெண்டையும் துப்பாக்கி இல்லாம வெறும் இரும்புக் கூட்டுல மாட்டி எடுத்து வந்தேன். முதல்ல இது. ரொம்ப லேசு. விரலை வை, மெதுவா அமுக்கு.

— வைச்சிட்டன். இன்னும் அமுக்கேல்லை.

— அது எப்பவோ போயிடுச்சு. சத்தம் கேட்டுச்சே.

— நான் அமுக்கேல்லையே அங்கிள்.

— அதான். உன் விரல் நுனிக்குத் தெரியாது. தெரியாத விரலுக்கு இவ்வளவு லேசான ட்ரிகர் ஆபத்து. இதை நான் குடுக்கமாட்டேன்.

— பாத்தியே பிள்ளை? ஆபத்து எண்டு அவரே சொல்லுறார். விட்டிடம்மா.

— நான் இன்னும் முடிக்கல. இப்ப இது. தட்டையா இருக்கு பார். நுனியில வேணாம், மடிப்புல வை. இது ரெண்டு கட்டமா போகும். முதல்ல சும்மா வரும், அப்புறம் ஒரு இடத்துல நிக்கும்.

— வருது, வருது. ஓம், நிண்டிட்டுது.

— தெரியுதா?

— தெரியுது. எலும்பிலை தெரியுது.

— அந்த இடத்துல நின்னு மூச்சை விடு. அவசரமில்ல. உனக்கு எப்ப வேணுமோ அப்ப.

— அங்கிள், கை இழுக்கேல்லை. பாத்தியளே? இன்னொருக்கா செய்யட்டே?

— செய். இது உன்னோடதுதான். நாளைக்கு துப்பாக்கியைக் கிளப்புக்கு எடுத்துட்டு வா, மாட்டித் தரேன்.

— அனுஜா.

— என்னப்பா?

— நான் உன்னட்டை இதுவரைக்கும் ஒண்டும் கேட்டதில்லை. இதை விட்டிடு. இல்லாட்டி மற்றக் கையாலை சுடு. அந்த விரலை மட்டும் அதிலை வைக்காதை. எனக்குப் பாக்க ஏலாமல் கிடக்கு.

— அப்பா, இது வெறும் ஸ்போர்ட். இரும்பு, அட்டை, அவ்வளவுதான்.

— ஏன் அந்த விரல்? அதை மட்டும் சொல்லு.

— நானும் அதைத்தான் ஒரு வருஷமா கேக்கறேன்.

— வீட்டிலை அது என்ரை விரலே இல்லை அங்கிள். கத்தி எடுத்தால் அம்மா வாங்கிப்போடுவா. போத்தில் மூடியை அப்பா ஓடிவந்து திறப்பார். கோயிலிலை எனக்குப் பக்கத்திலை இருந்தால் அப்பா என்ரை இடது பக்கம்தான் இருப்பார். வலது கையைப் பாக்கமாட்டார். எனக்கு அதைத் திருப்பி எடுக்கவேணும். எந்த வேலை அதாலை ஏலாது எண்டு சொன்னாங்களோ, அந்த வேலையையே ஒருக்காச் செய்துபோட்டு, பேந்து விடுறதெண்டாலும் நானே விடவேணும்.

— பாக்கக் கஷ்டமாக் கிடக்கிறதாலை பாக்கிறேல்லை பிள்ளை. அது தற்செயலா நடந்தது. கதவுக்குக் கண் இருக்கே?

— அப்பா, காணும், இனிப் பொய் வேண்டாம். அதுக்கு முதல்நாள் இரவு நீங்களும் அம்மாவும் பெட்டிக்குக் கீழை இருந்து கதைச்சது எல்லாம் எனக்குக் கேட்டது. வலது கைச் சுட்டுவிரல் இல்லையெண்டால் விட்டிட்டுப் போவாங்கள் எண்டு நீங்கள் சொன்னனீங்கள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதவ.

— யேசுரட்ணம்? இவ என்ன சொல்றா?

— நீ நித்திரை எண்டுதான் நினைச்சனான். விடியக் கதவடியிலை வரேக்கை கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனீ. கை வெளியிலை தொங்கிக்கொண்டு கிடந்தது. அந்த ஒரு விரல்தான் விளிம்பிலை நீட்டிக்கொண்டு கிடந்தது. கடவுளே காட்டித் தாறார் எண்டு நினைச்சன் அம்மா. அப்பிடி நினைச்சுத்தான் என்ரை கை அதைச் செய்தது.

— கடவுள் இல்லை, அப்பா. மற்ற விரலெல்லாத்தையும் மடக்கிப்போட்டு, அதை மட்டும் நீட்டி வைச்சது நான்.