எல்லோரும் கரைசேர்ந்தனர்

உப்புக்காற்று கணினிக்கு ஆகாது, ஐயா. ஆகையால் நம் மீனவர் சங்கத்துக் கணினிக்கு நான் ஓர் உறை தைப்பித்துப் போட்டேன். தாங்கள் ஊர்காவற்றுறைச் சங்கத்துக்குப் புதிய தலைவராக வந்தவர் என்பதால், தாங்கள் கேட்டவற்றை முறையாகவே சொல்ல அனுமதி வேண்டுகிறேன்.

சமாதான காலத்தில், இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு, கடலுக்குப் போன வள்ளங்கள் திரும்பினவா என்று காட்டும் மென்பொருள் ஒன்று சங்கத்துக்குத் தேவைப்பட்டது. காற்றுக்கேற்ப எங்கள் வள்ளங்கள் நெடுந்தீவிலும் இறங்கும், குறிகட்டுவானிலும் இறங்கும். அங்குள்ளவர்கள் தொலைபேசி இணைப்பின் வழியே விபரத்தை எங்கள் கணினிக்கு அனுப்புவார்கள். திரும்பாத வள்ளம் திரையில் சிவப்பாகத் தெரிந்தால், கடற்படைக்கு அறிவித்துவிட்டு மற்றவர்கள் தேடப் போவார்கள்.

இவ்வாறான மென்பொருளை எழுதுபவர் முதலில் ஓர் இடைமுகச் சட்டகத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். சாளரம், பொத்தான், அட்டவணை ஆகியவற்றை ஆயத்தமாகத் தருவது சட்டகம். எழுத முன்வந்தவர்கள் இருவர்: நானும் றெக்ஷன் என்பவரும். நிரந்தர வேலை ஒருவருக்கே.

றெக்ஷனுடைய சட்டகம் சாம்பல் நிறமானது, அழகற்றது. ஆனால் தொலைபேசி இணைப்புக்காகக் காத்திருக்கும்போதும் அதன் திரை உயிரோடு இருக்கும். என்னுடையது கண்ணுக்கு இனியது. இணைப்பு இழுபட்டால் மட்டும் சாளரம் முழுவதும் உறைந்துவிடும். இரண்டின் பெயர்களையும் தவிர்க்கிறேன். அவை குற்றம் செய்யவில்லை. உறையாமல் எழுத என் சட்டகத்திலும் வழி இருந்தது. எனக்கு அது தெரியாது. கேட்டிருந்தால் றெக்ஷன் சொல்லித் தந்திருப்பார். கேட்பதற்குக் கூச்சமாக இருந்தது.

நிர்வாகக் குழுவின் முன்னால் இரண்டையும் இயக்கிக் காட்டினோம். குழுவில் இன்னாசித்தம்பி என்ற மூத்த கடற்றொழிலாளர் இருந்தார். றெக்ஷனின் திரையில் தமிழ்ப் பெயர்களுக்குப் பதிலாக வெறும் கட்டங்களே தெரிந்தன.

"என்ன தம்பி, எங்கட பேரெல்லாம் பெட்டி பெட்டியாக் கிடக்கு? கடலுக்குப் போறது நாங்களோ, சவப்பெட்டியளோ?" என்றார் இன்னாசித்தம்பி. குழு முழுவதும் சிரித்தது.

"நேற்று வடிவாத் தெரிஞ்சது, அண்ணை. ஏனெண்டு விளங்கேல்லை."

"நேற்று நாங்கள் பாக்கேல்லையே ராசா."

என் திரையைக் கண்டதும், "இதைப் பாருங்கோ, பெருநாள் சோடினை மாதிரிக் கிடக்கு" என்று கைதட்டினார்.

அன்று காலை நான் சற்று முந்தி வந்து, தமிழ் எழுத்துருவைக் கணினியிலிருந்து நீக்கியிருந்தேன். என் மென்பொருளில் தமிழ்ச் சொற்களைப் படங்களாகவே வைத்திருந்தமையால் அதற்குப் பாதிப்பில்லை. மாலையில் எழுத்துருவை மீண்டும் இட்டுவிட்டேன். றெக்ஷன் கொழும்புக்குப் போனார்.

இன்னாசித்தம்பியின் மகள் அன்ரனிட்டாவே கணினியை இயக்க நியமிக்கப்பட்டார். நல்ல பிள்ளை. இணைப்பு இழுபடும்போதெல்லாம், "அண்ணை, திரை வெள்ளையாப் போச்சு, பயமாக் கிடக்கு" என்பார். அவரது பயத்தைத் தணிப்பது என் கடமை அல்லவா? ஆகவே உறைவதற்குச் சற்று முன்னர் ஒரு படம் தோன்றும்படி செய்தேன். இளம் பச்சைப் பின்னணியில் 'எல்லோரும் கரைசேர்ந்தனர்' என்ற வாசகம். 'காத்திருக்கவும்' என்றும் எழுதியிருக்கலாம். அப்படி எழுதினால் குறை வெளியே தெரிந்திருக்கும்.

சோளகக் காற்று பலத்து வீசிய ஒரு பின்னேரம் நெடுந்தீவு இணைப்பு நடுவில் நின்றது. திரை பச்சையாயிற்று. நான் பக்கத்திலேயே நின்றேன். இணைப்பு நின்றுவிட்டது எனக்குத் தெரியும். ஆயினும் அவ்வேளை உபதலைவர் இரு விருந்தினரை அழைத்து வந்து, "எங்கட தம்பி எழுதினது" என்று திரையைக் காட்டிக்கொண்டிருந்தார். குறுக்கே பேசுவது மரியாதையாக இராது.

அன்ரனிட்டா வீட்டுக்குப் போய், "அப்பா நெடுந்தீவிலை இறங்கிட்டார், அம்மா" என்று சொல்லியிருக்கிறார். காற்றுக் காலத்தில் இன்னாசித்தம்பி அங்கே தங்குவது வழக்கம். ஒருவரும் தேடவில்லை. அவர் அங்கு வரவேயில்லை என்பது மறுநாள் மாலையில்தான் தெரிந்தது.

வள்ளம் புங்குடுதீவுக்கு அப்பால் அகப்பட்டது. இயந்திரம் பழுதாகியிருந்தது. இன்னாசித்தம்பி சட்டையைக் கழற்றித் தடியில் கட்டி உயர்த்தி, தடி விழாதபடி தன் உடலோடு சேர்த்துக் கட்டியிருந்தார். தேடி வருவார்கள் என்று நம்பியிருக்கிறார். காணாமற்போன மறுநாள் மத்தியானம் வரையிலும் உயிர் இருந்திருக்கும் என்று வைத்தியர் சொன்னார்.

அடக்கம் முடிந்த பின்னர் அன்ரனிட்டா அலுவலகத்துக்கு வந்தார். கதிரையில் அமரவில்லை.

"அண்ணை, நான் வடிவாப் பாத்தனான். பச்சைதானே கிடந்தது?"

"இல்லைத் தங்கச்சி. சிவப்புத்தான் கிடந்தது. நீர் கவனிக்கேல்லை."

"உண்மையாவோ?"

"ஓம்."

அவர் நெடுநேரம் தன் கண்களைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை. தாயார் அவரோடு பேசுவதில்லை என்றும், அவர் நாள்தோறும் கோயில் வாசலில் முழங்காலில் நிற்கிறார் என்றும் கேள்விப்பட்டேன்.

நான் வேலணையைச் சேர்ந்த சைவன், ஐயா. எனினும் கத்தோலிக்கரான அவர்களது பாவசங்கீர்த்தனத்தை மிகவும் மதிக்கிறேன். பிழை தன்னுடையது என்றால் சுவாமியாரிடம் சொல்லி மன்னிப்புப் பெறலாம். மென்பொருளின் பிழை என்று தெரிந்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆறுதல் ஏது? அவருக்கு மன்னிப்புக் கிடைக்கட்டும் என்றே, என்னிடமிருந்த பிழையை அவருக்குக் கொடுத்தேன். இரக்கத்தினால் செய்தது, தயவுசெய்து அவ்வாறே பதிந்துகொள்ளுங்கள்.