மூணாவது நாற்காலி

— அந்த அலமாரியை மட்டும் நகர்த்த வேண்டாம் தம்பி. பின்னாடி ஒண்ணுமில்ல. வெறும் சுவர்.

— வெறும் சுவரைப் பாக்கத்தான்க்கா வந்தேன். உங்க சமையலறைச் சுவரும் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் சுவரும் ஒண்ணுதானே. அந்தப் பக்கம் பழைய வயரிங் எல்லாம் பாத்து முடிச்சாச்சு. இந்தப் பக்கமும் ஒரு தடவை பாத்துட்டா என் வேலை முடிஞ்சிடும்.

— நீயாவது அக்கான்னு கூப்பிடறே. உங்க பெயிண்டர் என்னைப் பெரியம்மான்னான், நேத்து அவனுக்கு மட்டும் டீ கிடைக்கல. நீ உக்காரு. டீ ஆறிடும், சுவர் எங்கயும் ஓடிடாது. முப்பது வருஷமா பூட்டிக் கிடந்த கட்டடம் அது. புறாவும் நானும்தான் பாத்துக்கிட்டோம்.

— நீங்களா?

— ஜன்னல் வழியா. இப்பத்தான் எல்லாருக்கும் அது மேல பாசம் பொங்குது. சமுதாயக் கூடமாம். ஆபரேட்டருங்க உக்காந்த ஹால்ல நூலகம், பேட்டரி ரூம்ல தையல் வகுப்பு. அந்த ரூம்ல ஆசிட் வாடை இன்னும் போகல, அங்க உக்காந்து ஊசி கோக்கப் போறாளுங்க. நமக்கென்ன. கமிட்டித் தலைவர் பல் டாக்டர் சொன்னா சரிதான். வாழ்நாள் பூரா அடுத்தவங்க வாயைத் திறக்கச் சொன்ன மனுஷன், இப்ப தன் வாயைத் திறந்தா மூடறதில்ல.

— நாளைக்குத் திறப்பு விழாவுலயும் அவர்தான் பேசறாராமே.

— முக்கால் மணி நேரம். நான் ஒண்ணும் போய்க் கேக்கல, காதுல விழுந்தது. பழைய ஸ்விட்ச்போர்டைத் துடைச்சு ஹால் நடுவுல வைக்கிறாங்க. முன்னாடி ஆறு நாற்காலி. அந்தக் காலத்து ஆபரேட்டருங்க அவங்கவங்க இடத்துல உக்காரணும். ஒருத்திக்கு முழங்கால் வலி, ஒருத்திக்கு மருமக வலி, ஆனா அஞ்சு பேர் வர்றாங்க. மூணாவது மட்டும் காலி.

— ஏன், அவங்க இல்லையா?

— இல்லாம என்ன. மூலை வீடு, ஜன்னல்ல பச்சைத் திரை தொங்குதே, அங்கதான் இருக்கா. பல் டாக்டர் மூணு தடவை கடிதம் கொடுத்தனுப்பினார். மூணும் திரும்பி வந்துடுச்சு, மடிப்புக் கூடக் கலையாம. நீ வெளியூர்க்காரன், உனக்குத் தெரியாது. இந்தத் தெருவுல அவளுக்குப் பேரே கிடையாது, மூணாம் நம்பர்தான். அவ குரல் இருக்கே, இஸ்திரி போட்ட துணி மாதிரி, ஒரு சுருக்கம் இருக்காது. வெளியூர் பேசினா மூணு நிமிஷம்தான் அப்பல்லாம். டாண்ணு நடுவுல வந்துடுவா. ‘மூணு நிமிஷம் முடிஞ்சது. நீட்டிக்கட்டுமா?’ கொஞ்சிக்கிட்டுப் பேசினாலும் சரி, அழுதுக்கிட்டுப் பேசினாலும் சரி, அதே குரல். நான் அப்படியே பேசிக் காட்டுவேன், தெருவே சிரிக்கும்.

— நீங்களும் எக்ஸ்சேஞ்சுலதான் வேலை பாத்தீங்களா?

— நான் எங்க. எங்க வீட்டுக்காரர் லைன்மேன். அவர் போய் நாலு வருஷமாச்சு.

— அப்ப உங்க வீட்டுல போன் இருந்திருக்கும்.

— லைன்மேன் வீட்டுக்கு யார் போன் கொடுத்தா? தெருவுலயே நாலு பேர்கிட்டதான் இருந்தது.

— அப்புறம் அந்தக் குரலை எங்க கேட்டீங்க?

— டீயைக் குடி தம்பி. ஆடை கட்டுது பாரு.

— குடிக்கிறேன். அவங்க எதுக்கு வர மாட்டேங்கறாங்க?

— எந்த மூஞ்சியோட வருவா. ஒட்டுக் கேட்டு வேலை போனவ. இந்தத் தெருமுனை பேக்கரிக்காரர் ஒரு நாள் வெளியூர் டாக்டருக்கு லைன் கேட்டார். நுரையீரல்ல ஏதோ நிழல் தெரியுதுன்னு டாக்டர் சொன்னார். பொண்ணுக்குப் பரிட்சை நடக்குது, முடியற வரைக்கும் வீட்டுல மூச்சு விட வேண்டாம்னு மனுஷன் மனசுக்குள்ள வச்சுக்கிட்டார். மறுநாள் காலையில குழாயடியில அவர் பெண்டாட்டிக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. வாளியை அங்கயே போட்டுட்டு ஓடினாங்க. அன்னிக்கு பேக்கரி அடுப்பே எரியல. பொண்ணு பரிட்சைக்குப் போகல.

— ஐயோ. அவர்?

— வைத்தியம் பாத்து அப்புறம் பதினோரு வருஷம் நல்லாத்தான் இருந்தார். ஆனா அன்னிக்கு அது யாருக்குத் தெரியும். எக்ஸ்சேஞ்சுல விசாரணை. லைன் போட்டுக் கொடுத்தது மூணாம் நம்பர். வேற யார் வாயிலேருந்து வந்திருக்கும்? ஒரு வாரத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. பேசி வச்சிருந்த கல்யாணமும் நின்னுடுச்சு. கடைக்காரன்லேருந்து பால்காரன் வரைக்கும் அவளைக் கண்டா வாயை மூடிக்குவான். அதோட திரையை இழுத்து விட்டவதான்.

— அவங்க ஏதாவது சொன்னாங்களா?

— ஒரு வார்த்தை பேசல. அதுதான் எல்லாருக்கும் இன்னும் கோபம்.

— குழாயடியில பேக்கரியம்மாகிட்ட சொன்னது யாரு?

— யாரோ. குழாயடின்னா நாலு பேர் இருப்பாங்க.

— அக்கா, நான் ஏன் அலமாரியைப் பாக்கணும்னு சொல்லிடறேன். அந்த போர்டுல ஆறு இடத்துக்கும் வயரிங் ஒரே மாதிரிதான் போகுது. மூணாவதுல மட்டும் ஒரு வயர் கூடுதல். துணி சுத்தின மெல்லிசு வயர். தரைக்கடியில போய், பேட்டரி ரூம் மூலையில ஏறி, சுவரைத் துளைச்சு இந்தப் பக்கம் வருது. துளைச்சவருக்கு நல்ல கை. ஓரம் கூடப் பிசிறல.

— அவர் வேலை எப்பவும் சுத்தமா இருக்கும்.

— நகர்த்தட்டுமா?

— நீ நகர்த்தினா டப்பாவெல்லாம் கவுந்துடும். நகர்த்தவே வேண்டாம். இந்தத் தட்டுல பின்பலகை மட்டும் தனியா வரும். இந்தா. இதுதான்.

— பழைய போன் குழல். பளபளன்னு இருக்கே.

— வாரத்துக்கொரு தடவை துடைப்பேன். கேக்காதுன்னு தெரியும். இருந்தாலும் துடைப்பேன்.

— சொல்லுங்க.

— என்னத்தைச் சொல்ல. இந்தத் தெருவுக்கு வந்தப்ப எனக்கு இருபது வயசு. ஒரு முகம் தெரியாது. அவர் கம்பி இழுக்கப் போனா பத்து நாளைக்கு ஆளே வர மாட்டார். நானும் இந்தச் சுவரும்தான். ஒரு நாள் இதைக் கொண்டுவந்து மாட்டினார். நாலு மனுஷக் குரல் கேட்டா உனக்குப் பயமா இருக்காதுன்னார். வளையல் வாங்கிக் கொடுத்திருந்தாக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டேன். பாத்திரம் கழுவறப்பவும் தோள்ல இடுக்கிக்குவேன். யார் வீட்டுல காய்ச்சல், யார் மகன் பாஸ், எல்லாம் தெரியும். எல்லாரும் எனக்குச் சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க. அவங்களுக்குத்தான் என்னைத் தெரியாது.

— பேக்கரிக்காரர் பேசினதையும் கேட்டீங்க.

— கேட்டேன். அன்னிக்குச் சாப்பாடு இறங்கல. காலையில குழாயடியில அந்தம்மாவைப் பாத்ததும் மனசு தாங்காம கையைப் புடிச்சுக்கிட்டேன். கவலைப்படாதீங்க, இப்பல்லாம் நுரையீரலுக்கு நல்ல மருந்து வந்துடுச்சுன்னேன். ஆறுதல் சொன்னேன் தம்பி. பெண்டாட்டிகிட்டச் சொல்லாம இருப்பார்னு எனக்குத் தோணவே இல்ல.

— அவங்க?

— உனக்கு யார் சொன்னான்னு என் தோளைப் புடிச்சு உலுக்கினாங்க. மூணாம் நம்பர்னு வாயில வந்துடுச்சு. இந்த ஊர்ல எனக்குப் பழகின குரல் அது ஒண்ணுதான்.

— அப்புறமாவது சொல்லியிருக்கலாம்.

— சொன்னா அவர் வேலை போயிடும். வயித்துல பிள்ளை வேற. பிள்ளை பிறக்கட்டும்னு இருந்தேன், பிறந்துது. வளரட்டும்னு இருந்தேன், வளந்துது. அவர் போனப்புறம், போன மனுஷன் பேரைக் கெடுக்கணுமான்னு இருந்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைச்சுது. ஊர்க்கதை எல்லாத்தையும் நான் வாய் ஓயாம பேசறேனே, ஆசைன்னா நினைக்கறே? நடுவுல கொஞ்சம் நிறுத்தினா இது வந்துடும். இதை பல் டாக்டர்கிட்ட சொல்லிட்டியா?

— இல்ல. நேத்து மூலை வீட்டுக்குத்தான் போனேன். உங்க இடத்துல ஒரு வயர் கூடுதலா இருக்கும்மா, என்னதுன்னு கேட்டேன்.

— கதவைத் திறந்தாளா?

— திறந்தாங்க. அந்த வயர் அவங்களுக்கு அப்பவே தெரியுமாம்.

— தெரியவே முடியாது. அவர் அவ்வளவு பக்குவமா போட்டார்.

— கேக்கற குழல்லயே பேச்சும் திரும்பிப் போகும்க்கா, சன்னமா. உங்க வீட்டுக்காரர் அதை மட்டும் யோசிக்கல. லைன் எதுவும் வராத நேரத்துல அவங்க காதுல ஒரு பொண்ணு பாத்திரம் கழுவற சத்தம் கேக்குமாம். சில நாள் தனக்குத்தானே பேசிக்குமாம். நிறைய நாள் அழுகை. எங்கேருந்து வருதுன்னு ஒரு வாரத்துலயே கண்டுபுடிச்சிட்டாங்க. பாவம், தனியா இருக்குதுன்னு விட்டுட்டாங்களாம்.

— விசாரணையில ஏன் தம்பி சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ தப்பிச்சிருப்பாளே.

— நானும் கேட்டேன். அதை அந்தப் பொண்ணுகிட்டத்தான் சொல்லணும்னாங்க.

— பொண்ணு. எனக்கு இப்ப ஐம்பத்தி மூணு. இரு, இந்த அடுப்பை அணைச்சிடறேன். நானே போறேன். அந்தப் பச்சைத் திரை முன்னாடி நிக்கிறேன், திட்டட்டும், அடிக்கட்டும். நாளைக்கு பல் டாக்டர் கையிலேருந்து மைக்கை வாங்கி எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன். அந்த நாற்காலி காலியா இருக்கக் கூடாது.

— இப்ப போனா மூலை வீடு பூட்டியிருக்கும்க்கா.

— முப்பது வருஷமா வெளிய வராதவ எங்க போயிட்டா?

— கையில வச்சிருக்கீங்களே, அந்தக் குழலைக் காதுல வைங்க. காலையில அந்த வயரை மறுபடி போர்டுல சேத்துட்டுத்தான் இங்க வந்தேன்.

— விளையாடாதே தம்பி. இதுல யார் இருக்கப்போறா. ஹலோ?

— மூணு நிமிஷம் முடிஞ்சது. நீட்டிக்கட்டுமா?