மணிவேலுக்கென்று அமைத்த கீபோர்டு

திருவண்ணாமலை மாவட்டத்திலேயே காது உள்ளவன் நான் ஒருவன்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை, விசாரணைக்கு உதவும் என்பதால் சொல்கிறேன். மற்றவர்களுக்கு இருப்பவை மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொள்ள வசதியான இரண்டு மடல்கள். போன செவ்வாய்க்கிழமை வரை உங்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன், அருணாதேவி மேடம்.

"உண்மையை முழுமையாக, ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தரவும்" என்று உங்கள் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவின் தாளில் அச்சடித்திருக்கிறது. மன்னிக்க வேண்டும். உண்மை கொஞ்சம் ஜாஸ்தியாக இருக்கிறது.

என் பெயர் இனியன், கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு. செங்கம் சாலையில் ஆசிரமத்தைத் தாண்டி இரண்டாவது சந்தில் ஒரு மாடி அறை. மூன்று வருடமாக மணிவேலும் நானும் அதில் குடியிருந்தோம். கீழ்ப் போர்ஷனில் ஓர் இத்தாலிக்காரர் மௌன விரதம் இருக்கிறார். என் கீபோர்டின் 'டிக் டிக்' சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்வதற்காக மட்டும் இரண்டு முறை விரதத்தை முறித்திருக்கிறார். அவரையும் சாட்சியாகக் கூப்பிடலாம், பேசுவாரா என்று தெரியாது.

மணிவேல் செங்கத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வந்தவன். வரும்போது ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு ரப்பர் கீபோர்டு, ஒரு ஒயர் இயர்போன் கொண்டுவந்தான். அந்தக் கீபோர்டில் தட்டுவது டீயில் ஊறின பன்னுக்குள் விரலை விடுவது மாதிரி. எந்த எழுத்தைத் தொட்டாலும் ஒரே 'பொத்'. இயர்போனை அதைவிட மோசமாகப் பயன்படுத்தினான். இடது பக்கத்தைக் காதில் செருகிக்கொள்வான், வலது பக்கம் மார்பில் தொங்கும். பாட்டில் பாதி சட்டைப் பொத்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"ஏன்டா, ரெண்டு காது இருக்கே உனக்கு?" என்று கேட்டேன்.

"நீ கூப்ட்டா கேக்கணும் இல்ல" என்றான்.

இது ஒரு காரணமா என்று ஒரு செமஸ்டர் முழுக்கச் சிரித்தேன். வகுப்பில் அவனுக்கு 'ஒத்தைக் காது' என்று பெயர் வைத்ததும் நான்தான்.

இரண்டாம் வருடக் கடைசியில் அவன் பிறந்தநாள் வந்தது. ஒரு நல்ல கீபோர்டு அமைத்துக் கொடுக்க முடிவு செய்தேன். கடைக்காரர்கூடக் காலைப் பார்க்காமல் செருப்பு எடுத்துத் தருவதில்லை, ஆனால் விரலைப் பார்க்காமல் கீபோர்டு மட்டும் வாங்குகிறார்கள். நான் இரண்டு வாரம் அவன் விரல்களைப் பார்த்தேன். ஒவ்வொரு கீயின் அடியிலும் ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதைத் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். வழுக்கிக்கொண்டு இறங்குவது ஒரு வகை, நடுவில் ஒரு மேடு தட்டுவது இன்னொரு வகை, 'டிக்' என்பது மூன்றாவது வகை. அவனுக்குப் பெருவிரல் கனம், ஆள்காட்டி விரல் அவசரக்காரன். இடது சுண்டுவிரல் நெல் அறுக்கும்போது அரிவாள் பட்டு வெட்டுப்பட்டது, பாதிதான் மடங்கும். அந்த விரலுக்கு வரும் எழுத்து ஆங்கில 'ஏ'. அதற்கு மட்டும் மிக லேசான ஸ்பிரிங் போட்டேன். காய்ந்த இலை உதிர்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். இப்படி ஒவ்வொரு விரலுக்கும், அது தொடும் ஒவ்வொரு கீக்கும் பார்த்துப் பார்த்து ஸ்விட்ச் போட்டு முடித்தபோது, அந்தக் கீபோர்டில் எழுத்துக்கு எழுத்து சத்தம் வேறாக இருந்தது.

மணிவேல் தட்டிப் பார்த்துவிட்டு, "டேய், இது என் விரலுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குதுடா" என்றான். அவனுக்காகவே செய்ததுதான். இந்த வாக்குமூலத்தில் அந்த ஒரு இடத்தை யாரும் சந்தேகப்பட வேண்டியதில்லை.

அடுத்து என் ஹெட்போன். அது முதுகு திறந்த வகை. காதுக் கிண்ணத்தின் வெளிப்பக்கம் மூடியிருக்காது, வலை மட்டும் இருக்கும். பாட்டு விசாலமாகக் கேட்கும். அறையில் நடப்பதும் அப்படியே கேட்கும். ஹெட்போன் மாட்டியவனுக்கு ஒன்றும் கேட்காது என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையை நான் உண்டாக்கவில்லை. திருத்தவும் இல்லை.

மணிவேல் தன் அப்பாவிடம் போனில் சொல்வான்: "அவன் மாட்டிக்கினு இருக்கான்பா, கேக்காது, நீ பேசு." பிறகு பேசுவார்கள். மழை வரலை, மோட்டார் ரிப்பேர், அம்மாவுக்கு முட்டிவலி. ஒருமுறை, "இனியன் நல்லவன்தான்பா, வாய் கொஞ்சம் ஜாஸ்தி" என்றான். ஹெட்போனில் அப்போது பாட்டு எதுவும் ஓடவில்லை. பல நாட்கள் ஓடாது.

பாஸ்வேர்டுக்கு வருகிறேன். மணிவேல் மெயிலை எப்போதும் திறந்து வைக்க மாட்டான். பார்த்து முடித்ததும் வெளியே வந்துவிடுவான், அடுத்த முறை முழுசாகத் தட்டி உள்ளே போவான். காலேஜ் லேபில் பழகிய பழக்கம், மிகவும் பத்திரமான பழக்கம். நான் அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன். பத்து எழுத்து, நாலு எண். இலை உதிரும் சத்தம் மூன்று தடவை, அதற்கு நடுவே ஓரிடத்தில் ஆள்காட்டி விரல் ஒரே கீயில் அடுத்தடுத்து இரண்டு தட்டு. ஆங்கில எழுத்தில் காசியம்மாள், 1976. அவன் அம்மாவின் பெயர், அவர் பிறந்த வருடம். அவர் கொடுத்தனுப்பும் கொள்ளுத் துவையலில் பாதிக்கு மேல் நான்தான் சாப்பிட்டிருக்கிறேன்.

தானாகக் காதில் விழுந்தது என்று எழுத நினைத்தேன். ஒரு திருத்தம். என் மேசை மைக்கில் எட்டு நாள் பதிவு செய்து, மெதுவாக ஓடவிட்டு, அவன் குளிக்கப் போன நேரத்தில் அதே கீபோர்டில் தட்டிச் சரிபார்த்துக்கொண்டேன். அப்போது மெயிலைத் திறக்கும் எண்ணம் இல்லை. கேட்க முடியுமா என்று பார்த்தேன், முடிந்தது.

ஐந்து மாதம் அது அப்படியே இருந்தது.

பிறகு அவனுக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது. நம் கல்லூரியில் அந்த நிறுவனம் எடுத்தது ஒரே ஒருவனை. அடுத்த இடத்தில் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவன் எங்கள் வகுப்புக் குமரேசன். நான் முதல் சுற்றிலேயே வெளியே வந்துவிட்டேன். அவர்கள் கொடுத்த ஹெட்செட்டின் தரத்தில் கேள்வியே புரியவில்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். கேள்வி புரிந்தது.

அன்று மணிவேல் பால்கோவா வாங்கி வந்தான். கீழே போய் இத்தாலிக்காரருக்கும் கொடுத்தான். மேலே வந்து கீபோர்டின் ஒயரைச் சுருட்டி என் மேசையில் வைத்தான்.

"இத நீயே வெச்சுக்கடா. அங்க கீபோர்டு, ஹெட்செட்டு எல்லாம் கம்பெனியே குடுக்குறாங்களாம்."

"என்ன கீபோர்டு?"

"எதுவா இருந்தா என்னடா, தட்டுனா எழுத்து வரப்போவுது."

நிதானமாக யோசித்தேன். இரண்டு வாரம் பார்த்து, ஒரு விரலுக்கு ஒரு ஸ்பிரிங் என்று தேடி, வெட்டுப்பட்ட சுண்டுவிரலுக்குத் தனியாக ஒன்று வைத்து அமைத்தது. அதை விட்டுவிட்டு இருநூறு பேர் உட்காரும் கூடத்தில் ஊறின பன்னைக் குத்தப் போகிறான். அந்தச் சுண்டுவிரல் ஒரு மாதம் தாங்காது. யாராவது தடுக்க வேண்டும், அறையில் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. அப்போது எனக்கு இது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த நாள் பௌர்ணமி. வேலை கிடைத்ததற்கு நன்றி சொல்ல மணிவேல் கிரிவலம் கிளம்பினான்.

"வாடா, சேந்து போலாம்."

"கால் வலி."

"சரி, உனக்கும் சேத்து நானே நடந்துட்டு வரேன்" என்று செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுப் போனான்.

பதினாலு கிலோமீட்டர், அந்தக் கூட்டத்தில் நாலு மணி நேரத்துக்குக் கம்மியாகாது. குமரேசனுக்கு வீடு அடி அண்ணாமலை. பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டியை விட மாட்டார்கள் என்பதால், பைக்கை எங்கள் சந்தில் நிறுத்திவிட்டு நடந்து போவான். ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

"மேல வாடா, தண்ணி குடிச்சுட்டுப் போ."

வந்தான். பத்து நிமிடம் உட்கார்ந்தான். மணிவேலுக்குக் கிடைத்ததில் தனக்கும் சந்தோஷம்தான் என்றான். போகும்போது படியில் வீட்டுக்கார அம்மாவுக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனான், நல்ல பழக்கம். அவன் வந்துபோனதைப் பார்க்க ஒரு ஆள் கிடைத்தது.

அவன் இறங்கி நாலு நிமிடம் கழித்து மணிவேலின் மெயிலைத் திறந்தேன். குடும்பச் சூழ்நிலையால் வேலையில் சேர இயலவில்லை, வாய்ப்புக்கு நன்றி என்று எழுதினேன். மணிவேல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் படித்தவன், முற்றுப்புள்ளிக்குப் பிறகு இரண்டு இடைவெளி விடுவான். நானும் விட்டேன். ஒரு மணி நேரத்தில் நிறுவனத்திலிருந்து வருத்தமும் வாழ்த்தும் வந்தன. இரண்டு மெயிலையும் அழித்தேன்.

மணிவேல் திரும்பி வந்து, நொண்டிக்கொண்டே என் முன்னால் நின்று, நெற்றியில் விபூதி பூசினான். "உனக்கும் ஒரு வேலை கெடைக்கணும்னு வேண்டிக்கினேன்டா. பெங்களூர்லயே." விபூதி கண்ணில் கொஞ்சம் விழுந்தது.

சேரும் தேதியைச் சொல்லும் கடிதத்துக்காக அவன் ஒன்பது நாள் காத்திருந்தான். "ஸ்பேம்ல பாத்தியா?" என்று தினமும் நான்தான் கேட்பேன். எட்டாம் நாள் அவன் அப்பா வேடியப்பன் ஊரிலிருந்து ஒரு சிவப்புச் சக்கரப் பெட்டி வாங்கி வந்தார். படியில் தூக்க வேண்டியதை இழுத்துக்கொண்டே வந்தார், இருபத்திரண்டு படியிலும் சத்தம் கேட்டது. மேலே வந்ததும் கைப்பிடியை நீட்டியும் மடக்கியும் எனக்குக் காட்டினார். "நீயும் ஒரு தரம் இழுத்துப் பாரு தம்பி" என்றார். இழுத்துப் பார்த்தேன். சக்கரம் நல்ல சக்கரம்.

ஒன்பதாம் நாள் மணிவேல் நிறுவனத்துக்கு போன் செய்தான். நீங்கள்தானே வேண்டாம் என்று எழுதினீர்கள், அந்த இடத்துக்கு குமரேசனை எடுத்துவிட்டோம் என்றார்கள். நான் ஹெட்போன் மாட்டியிருந்ததால் என்ன ஆயிற்று என்று அவன் சொல்லும்வரை கேட்க முடியவில்லை. அதாவது, கேட்காமல் இருந்தேன்.

குமரேசன் பெயரை நான் சொல்லவில்லை, மேடம். விசாரணையில் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். "பௌர்ணமியன்னிக்கி ரூமுக்கு யார்யார் வந்தாங்கனு யோசிக்கிறேன்" என்று மட்டும்தான் சொன்னேன். மீதியை மணிவேல் யோசித்தான், வீட்டுக்கார அம்மா யோசித்தார், கல்லூரி முழுக்க யோசித்தது. நீங்கள் குமரேசனின் ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைத்தீர்கள். நிறுவனம் அவனையும் எடுக்கவில்லை. லேபுக்கு வெளியே நின்று அழுதான். அவன் அழுகை மூக்கால் வரும் வகை.

போன செவ்வாய்க்கிழமை நாங்கள் மூவரும் குழுவின் முன்னால் நின்றோம். மணிவேல் கீபோர்டையும் தூக்கி வந்திருந்தான், குமரேசன் இதில்தான் தட்டியிருப்பான் என்று சொல்லி மேசையில் வைத்தான். இயற்பியல் ராமகிருஷ்ணன் சார் அதைத் தள்ளி வைத்துவிட்டு டீயை எடுத்தார். நீங்கள் அதை உங்கள் பக்கம் இழுத்து, ஒரு விரலால், உங்கள் பெயரை அடித்துப் பார்த்தீர்கள். நிறுத்தினீர்கள். இன்னொரு தடவை அடித்தீர்கள்.

"ஏம்பா, இது ஒவ்வொண்ணும் ஒரு சத்தம் போடுது?"

மணிவேல் ஏழு மாதம் தட்டியும் கேட்காத கேள்வி. "அது என் விரலுக்காக இனியன் செஞ்சது மேடம்" என்று அவன் கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னான். நீங்கள் என் கழுத்தில் கிடந்த ஹெட்போனைப் பார்த்தீர்கள்.

"அத கழட்டிக் குடு, நான் போட்டுப் பாக்கறேன்."

மாட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். "சார், ஏதாவது பேசுங்க" என்றீர்கள்.

"என்னத்தம்மா பேசறது, டீ ஆறிப்போச்சு" என்று ராமகிருஷ்ணன் சார் மெதுவாகச் சொன்னார்.

"சூடு பண்ணிக் கொண்டாரச் சொல்றேன் சார்" என்றீர்கள், சுவரைப் பார்த்தபடியே.

மணிவேல் என்னைப் பார்த்தான். மூன்று வருடம் அந்த ஹெட்போனுக்கு முன்னால் என்னென்ன பேசினோம் என்று அவன் ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது. அதைக் கேட்கக் காது தேவைப்படவில்லை. நீங்கள் இந்தத் தாளை என்னிடம் நீட்டினீர்கள்.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். பாஸ்வேர்டைத் திருடியது நான். வேலையை மறுத்து எழுதியது நான். குமரேசனைத் தண்ணீர் குடிக்கக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். அவன் ஹால் டிக்கெட்டை இன்றே கொடுத்துவிடுங்கள். காரணம் என்ற கட்டத்தில் கீபோர்டின் நலன் கருதி என்று முதலில் எழுதினேன். அதையே வைத்துக்கொள்ளுங்கள், கட்டம் சின்னது.

மணிவேல் ஞாயிற்றுக்கிழமை அறையைக் காலி செய்துவிட்டான். சிவப்புப் பெட்டியைப் படியில் இழுக்காமல் தூக்கிக்கொண்டு போனான், அதனால் எந்தப் படியில் இருக்கிறான் என்று தெரியவில்லை. பழைய ரப்பர் கீபோர்டும் ஒயர் இயர்போனும் அலமாரியில் கிடக்கின்றன. மறந்துவிட்டானா, எனக்கென்று விட்டுப் போனானா என்பதை விசாரித்துச் சொல்ல முடிந்தால் நல்லது.

என் மேசையில் நல்ல கீபோர்டுகள் மூன்று இருக்கின்றன. இதை அந்த ரப்பர் கீபோர்டில்தான் அடிக்கிறேன். விசேஷமாக ஒன்றும் இல்லை, சத்தம் கம்மி. இயர்போன் இரண்டு பக்கமும் நன்றாக வேலை செய்கிறது, சோதித்துப் பார்த்துவிட்டேன். இடது காதில் மட்டும் மாட்டியிருக்கிறேன். வலது பக்கம்தான் கதவு.