பின்னேரம் கொண்டு வந்து விடுவம்

— உங்கட வாகனத்தால இறங்கிட்டாரா மிஸ்? கோபப்பட்டாரா? என்னைக் கேட்டாரா?

— முதல்ல இருங்க தக்ஷாயினி. மூச்சு வாங்குது உங்களுக்கு. பஸ்ஸில நிண்டுகொண்டேயா வந்தீங்க?

— நிண்டுகொண்டுதான். கொக்கட்டிச்சோலையில ஏறினா மண்முனைப் பாலம் தாண்டுற வரைக்கும் ஒரு கால் வைக்க இடமில்ல. கண்டக்டர் பொடியன் என்ட கால்ல ஏறி நிண்டுகொண்டு, உள்ள போங்க உள்ள போங்க எண்டு என்னையே ஏசுறான். அது கிடக்கட்டும். அவர் என்ன செய்யிறார்?

— உங்கட மனிசன் நல்லா இருக்கார். உள்ளறையில இருக்கார். வாங்க தம்பி எண்டன், வந்தார். இருங்க எண்டன், இருந்தார். ஒரு மறுப்பில்ல.

— கதிரையிலயா இரிக்கார்?

— நிலத்தில. சுவரைப் பார்த்துக்கொண்டு. பரவாயில்ல, எங்க இருந்தா என்ன. வந்திட்டார். நான் கதவையும் சாத்தல்ல, பாதி திறந்துதான் இருக்கு.

— தான்தோன்றியப்பா, இண்டைக்குத்தான் கண் திறந்த நீ. டொக்டர் பார்த்திட்டாரா மிஸ்?

— அதுதான் கரைச்சல். அவர் வாற ரயில் புனானைக்கிட்ட யானையில மோதி நிக்குதாம். இப்பதான் போன் எடுத்தவர். மத்தியானத்துக்குள்ள வந்திருவன் எண்டவர்.

— யானையும் இண்டைக்குத்தான் குறுக்க வரணுமா? மாசத்தில ஒரு நாள் இஞ்ச வாற மனநோய் டொக்டர்.

— பயப்பிடாதீங்க. எத்தினை மணி எண்டாலும் வந்து உங்கட மனிசனைப் பார்த்திட்டுத்தான் திரும்புவார். எனக்கு வாக்குத் தந்திருக்கார். போன முறையும், அதுக்கு முதல் முறையும் நீங்க மட்டும் வந்து இந்த வாங்கில இருந்து அழுதிட்டுப் போனதைக் கண்டவர்தானே.

— நான் என்ன செய்ய மிஸ்? சொன்னாப் போதும், ஓடிருவார். ஒழுங்கையில ஆர்ர சைக்கிள் சத்தம் கேட்டாலும் வாய்க்காலால இறங்கி வயல் வட்டைக்குப் போயிருவார். ஒருக்கா நான் தேடிப் போன. கதிருக்குள்ள வரம்போட வரம்பா படுத்திருக்கார். அட்டை கடிச்சு கால் முழுக்க ரத்தம். எழும்புங்க எண்டன். கையால வாயைப் பொத்துறார், அவர்ர வாயை இல்ல, என்ட வாயை.

— வெளிநாட்டில இருக்கக்குள்ள இப்பிடி இல்லையே?

— இல்ல மிஸ். அங்க ஒரு டொக்டரம்மா பார்த்தவ. வாரத்தில ஒரு நாள் போவார். அந்த அறையில ஒரு பெரிய ஜன்னல் இரிக்காம், அதால பார்த்தா ஒரு மரம், மரம் முழுக்கப் பனியாம். அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு எல்லாம் சொன்னனான் எண்டு போன்ல எனக்குச் சொன்னவர். என்ன சொன்ன எண்டு எனக்குச் சொல்லல்ல. ஆனா நித்திரை வருது தக்ஷா எண்டவர். அப்ப மகள் நேர்சரி. அவளோட போன்ல பாட்டுப் படிப்பார்.

— பிறகுதான் அகதி விண்ணப்பத்தை மறுத்தது.

— ஓம். உன்ட நாட்டில இப்ப ஒரு பிரச்சினையும் இல்ல, போ எண்டிட்டாங்க. விடியச் சாமம் வந்து தட்டி, வாகனத்தில ஏத்தி, நேர பிளேனுக்கு. அந்த டொக்டரம்மாட்ட ஒரு சொல்லுச் சொல்லிட்டு வர விடல்ல. வந்து இறங்கினவர் வேற மனிசன். மகள் முன்னுக்கு வந்தாச் சுவர்ப் பக்கம் திரும்புவார். வாயே திறக்கல்ல.

— அதைத்தான் டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்றார் தக்ஷாயினி. வாய் திறக்காம எங்களுக்கு ஒண்டும் செய்ய ஏலா. ஆரு செய்த, ஏன் செய்த எண்டு நாங்க கேக்கிறதில்ல. எங்க நோகுது, எதைக் கண்டா பயம், அது மட்டும் போதும். ஒரு வசனம். அவர்ர வாயால வந்தா, அதைப் பிடிச்சுக்கொண்டு மற்றதைப் பார்க்கலாம்.

— இண்டைக்குக் கதைப்பார் மிஸ். எனக்கு மனசு சொல்லுது. காலையில அவர் செய்ததைக் கண்டிருந்தா நீங்களும் அப்பிடித்தான் சொல்லுவீங்க.

— என்ன செய்தவர்?

— நான் பின்வளவுல கிணத்தடியில மகளுக்குச் சீப்பால தலை இழுத்துக்கொண்டு இரிக்கன். முன்னால வாகனச் சத்தம் கேட்டிச்சு. போச்சு, இப்ப வட்டைக்கு ஓடப் போறார் எண்டு நினைச்சன். ஓடல்ல மிஸ். நடந்து பின்னால வந்தார். மகள்ட தலையில கை வச்சார். அம்மாட சொல்லைக் கேட்டு நடக்கணும் எண்டார். வந்து இத்தினை மாசத்தில அவளோட கதைச்ச முதல் கதை. அவள் வெக்கத்தில நெளியிறாள்.

— நல்லது.

— மறுகா வாளியில தண்ணி அள்ளி, நிண்ட நிலையில குடிச்சார், குடிச்சார், வயிறு முட்டக் குடிச்சார். உள்ள போய்ச் சேட்டு மாத்தினார். ஒண்டுக்கு மேல ஒண்டா ரெண்டு சேட்டு. இந்த வெயிலுக்கு என்னத்துக்கு எண்டு கேட்டன், சிரிச்சமாதிரி ஒரு பார்வை. கல்யாண மோதிரத்தைக் கழட்டி அரிசி வாளிக்குள்ள போட்டார். டொக்டர்ட்டப் போகக்குள்ள நகை என்னத்துக்கு எண்டு போட்டிருப்பார். நானும் வெளிக்கிடுறன் எண்டன். நீ வராத, பின்னால வராத எண்டார். சரி, மகளைப் பள்ளிக்கு அனுப்பிட்டுப் பஸ்ஸில போவம், இப்ப மறிச்சுக் குழப்பக் கூடா எண்டு விட்டிட்டன்.

— ரெண்டு சேட்டா?

— ஓம். ஏன் மிஸ்?

— இல்ல. சும்மா. அசனார் காக்கா, அந்தத் தேத்தண்ணியை இஞ்ச கொண்டு வாங்க.

— இந்தா வாறன். தங்கச்சியும் வந்தாச்சா? குடிங்க. தம்பிக்கும் வச்சன், தொடவே இல்ல, ஆறிப் போய்க் கிடக்கு. ஆனா மிஸ், நான் ஒண்டு சொல்லணும். இந்த வாகனத்தில எத்தினை பேரை ஏத்தி இறக்கியிருக்கன், இப்பிடி மரியாதையான ஒரு மனிசனை நான் கண்டதில்ல.

— மெய்யாவா காக்கா?

— கேளுங்க தங்கச்சி. வாசல் கடப்படியில நிப்பாட்டிட்டு இறங்கி, டிலக்சன் எண்டிறது ஆரு எண்டு கேட்டன். நான்தான் எண்டு வந்தார். எங்க, என்னத்துக்கு, ஒரு கேள்வி கேக்கல்ல. வந்து எனக்கு முன்னால நிண்டு ரெண்டு கையையும் நீட்டினார். எனக்கெண்டா சந்தோசம். நம்மட ஆக்கள் மாதிரி ரெண்டு கையாலயும் ஸலாம் குடுக்கிறாரே எண்டு நானும் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டன். ஐஸ் மாதிரிக் குளிந்து கிடந்திச்சு.

— ரெண்டு கையையுமா? எப்பிடி நீட்டினவர்?

— இப்பிடித்தான் மிஸ். மணிக்கட்டு ரெண்டும் ஒட்டின மாதிரி.

— மறுகா?

— மறுகா ஒரு நிமிசம், ஒள்ளுப்பம் நில்லுங்க எண்டு பின்னால போய் வந்தார். வந்து ஏறினார். சீற் எல்லாம் வெறுசாக் கிடக்கு, மனிசன் சீற்றுக்கு இடையில கீழ குந்திக்கிட்டார். தலை சுத்துதாக்கும் எண்டு நானும் மெல்லமா ஓட்டினன். பாலத்துல ஒரு குலுக்கு இல்ல, கேட்டுப் பாருங்க. எங்கட ஊருக்குள்ளால வரக்குள்ள, தம்பி, காத்தான்குடிப் பேரீச்ச மரத்தைப் பாருங்க, காய்ச்சிரிக்கு எண்டன். தலை நிமித்தல்ல. நிமித்தலாமா எண்டு கேட்டார். அதென்ன கேள்வி எண்டு நான் சிரிச்ச.

— மிஸ், நீங்க ஏன் ஒரு மாதிரி இரிக்கீங்க?

— தக்ஷாயினி, இண்டைக்கு எங்கட வாகனம் வரும் எண்டு அவருக்கு ஆரு சொன்ன?

— நீங்கதானே போன் எடுத்துச் சொல்றன் எண்டிருந்தீங்க?

— நான் உங்களுக்குத்தானே எடுத்த. நீங்க அவருக்குச் சொல்லுவீங்க எண்டு.

— நான் எப்பிடிச் சொல்ற? சொன்னா வட்டைக்கு ஓடிருவார் எண்டு நான் வாயே திறக்கல்ல. நீங்க படிச்சாக்கள், எப்பிடிச் சொல்லணுமோ அப்பிடிச் சொல்லியிருப்பீங்க, அதுதான் ஓடாம நிண்டு போறார் எண்டு... காக்கா, நீங்க சொன்னீங்கதானே? கல்லடிக்குப் போறம், பிரஷாந்தி மிஸ்ஸிட்டப் போறம் எண்டு?

— அதெல்லாம் நான் சொல்லல்ல தங்கச்சி. மிஸ் எனக்குச் சொல்லித் தந்திருக்காவே. மருந்து, ஆஸ்பத்திரி, டொக்டர் எண்ட பேச்சு எடுக்கப்படாது, ஆக்கள் மிரளுவாங்க எண்டு. நான் அதை ஒரு எழுத்துப் பிசகாமச் சொன்னன். அன்பாத்தான் சொன்னன்.

— என்ன சொன்னீங்க?

— ஒண்டும் இல்ல தம்பி, ஒள்ளுப்பம் கதைக்கத்தான், பின்னேரம் கொண்டு வந்து விடுவம் எண்டு.

— இன்னொருக்காச் சொல்லுங்க காக்கா.

— ஒள்ளுப்பம் கதைக்கத்தான். பின்னேரம் கொண்டு வந்து விடுவம்.

— தக்ஷாயினி. தக்ஷாயினி, தண்ணி குடிங்க.

— சித்தாண்டியில எங்கட மாமி, அவர்ர அம்மா, சாகும்வரைக்கும் இதை எனக்குச் சொல்லிச் சொல்லி அழுதவ மிஸ். என்னைக் கட்டுறதுக்கு முதல் நடந்தது. வாகனம் ஒண்டு வந்து கடப்படியில நிண்டதாம். பேரைச் சொல்லித்தான் கேட்டாங்களாம். நல்ல தமிழ்ல, நல்ல மரியாதையாத்தான் சொன்னாங்களாம். ஒண்டும் இல்ல அம்மா, ஒள்ளுப்பம் கதைக்கத்தான், பின்னேரம் கொண்டு வந்து விடுவம் எண்டு. மாமி அவருக்குச் சோறு போட்டு மூடி வச்சிட்டு அந்தப் பின்னேரம் முழுக்கக் கடப்படியில நிண்டவ. ரெண்டு வருசத்துக்குப் பிறகு வந்து சேர்ந்த மனிசனைத்தான் நான் கட்டின.

— யா றப்பே. நான் என்ன செய்திட்டன்.

— நீங்க இல்ல காக்கா. நான். அந்தக் காலத்தில ஆக்களைக் கொண்டு போன மாதிரி வெள்ளை வாகனம் வேணாம், பயப்பிடுவாங்க எண்டு எத்தினை கூட்டம் வச்சு அதுக்கு நீலம் அடிப்பிச்சன். நிறத்தைத்தான் யோசிச்சன்.

— அப்ப அவர் இப்ப எங்க இரிக்கன் எண்டு நினைச்சுக்கொண்டு இரிக்கார் மிஸ்?

— கொஞ்சம் இருங்க. பதறக் கூடா. எப்பிடிச் சொல்ற எண்டு யோசிச்சுச் சொல்லுவம். டொக்டர் வரட்டும், அவர்ட்டக் கேட்டு...

— யானை விலகி, ரயில் வந்து, டொக்டர் வாறவரைக்கும் அவர் அதுக்குள்ள காத்திரிக்கணுமா? என்னத்துக்குக் காத்திரிக்கார் எண்டு உங்களுக்கு விளங்குதா? காலடிச் சத்தம் கேக்கக் கேக்க அவருக்கு எப்பிடி இரிக்கும்? நாம இஞ்ச தேத்தண்ணி குடிக்கம்.

— நான் போய்ச் சொன்னா நம்புவாரா எண்டுதான்...

— உங்களை நம்ப மாட்டார். என்னைக் கண்டா விளங்கும். ஆரைக் கண்டு பயந்தாலும் என்ட முகத்தைக் கண்டா விளங்கும். நான் போறன்.

— முகத்தைத் துடைச்சிட்டுப் போங்க. அழுத முகத்தோட போகக் கூடா.

— துடைச்சிட்டன். இப்ப சரியா?

— சரி. நீங்க முன்னால போங்க, நான் பின்னால வாறன். காக்கா, நீங்க கதவடியில நில்லுங்க. உள்ள வராதீங்க.

— நான் அங்கால போயிர்றன் மிஸ். என்னைக் கண்ணில காட்டாதீங்க அவருக்கு.

— டிலக்சன் தம்பி. டிலக்சன். இஞ்ச திரும்புங்க. ஆரு வந்திருக்கா எண்டு பாருங்க.

— இஞ்சருங்க. நான்தான். தக்ஷா. பாருங்க, நான்தான் வந்திரிக்கன். ஒண்டுக்கும் பயப்பிட வேணாம். நான் அழல்ல. சத்தியமா நான் அழல்ல, பஸ்ஸில நிண்டு வந்த களைப்பு. திரும்பி என்ட முகத்தைப் பாருங்க.

— பாருங்க தம்பி. அவங்களைப் பார்த்து ஒரு சொல்லுச் சொல்லுங்க. எதெண்டாலும் பரவாயில்ல, சொல்லுங்க.

— சொல்லுங்க. எனக்காக. ஒண்டு சொல்லுங்க.

— அவவ விட்டிருங்க சேர். வீட்ட சின்னப் புள்ள ஒண்டு இரிக்கு. நான் சொல்றன். இண்டைக்கு எல்லாத்தையும் சொல்றன்.