ஐம்பது ஓம் தடையும் முப்பது கோட்டும்

"...அதான் சொல்றேன் தம்பி, போன வாரம் நீங்க மாட்டினது கம்பியே இல்ல! இருங்க, பேச விடுங்க. நாப்பது வருஷம் மோட்டாருக்குக் காயில் சுத்தினவன் நான். என்கிட்டயேவா?"

பழுதுபார்க்கும் கடைக்காரர் தலை நிமிராமல் இஸ்திரிப் பெட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுப் பெரியவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

"மீட்டர் வெச்சுப் பாத்தேன். அம்பது ஓம்! தடை இவ்ளோ இருந்தா கரண்டு எப்படிங்க போகும்? மூச்சுத் திணறாது? கம்பி சூடானா எங்க தொழில்ல மானமே போச்சு... என்ன சிரிக்கிறீங்க? இதோ, காகிதத்துல மடிச்சே கொண்டாந்திருக்கேன், நீங்க சூடேத்துற கம்பி, நிக்ரோமுங்கிறீங்களே, அந்த மகராசன! சுரண்டினாக்கூடப் பளபளப்பில்ல. உருவிட்டு, அசல் செம்பு, அந்த மைக்காத் தகட்டுல நானே சுத்தினேன். ஒரு சுத்து பிசகல. கண்ல ஒத்திக்கலாம்! மீட்டர்ல தடையே காட்டலங்க!"

கடைக்காரர் செம்பு சுற்றிய அந்தத் தகட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் புதியதொன்றைப் பொருத்தினார்.

"ஃபியூஸ் போச்சு. அது கெடக்குது, நோஞ்சான் ஃபியூஸு. அதுக்கும் தடிமனா செம்பு போட்டேன். இப்ப... வீடு முழுக்கக் கரண்டே செத்துப்போச்சு."

குரல் இறங்கிற்று. முகத்தை மறைக்க அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஆஸ்பத்திரி கோட்டு முப்பது கெடக்கு தம்பி. மத்தியானம் வண்டி வந்து நிக்கும். தேய்ச்சுக் குடுக்கலேன்னா ஆர்டரு வேற ஆளுக்கு. அதப் புடிக்க எங்க வீட்டுக்காரி எவ்ளோ நடந்தா தெரியுமா? காலைலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசல. திட்டினாக்கூடத் தேவல... நானும், கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லிவெச்சிருக்கேன். அவ கேட்டா... ஆமாம்மா, கம்பி மட்டம்தான்னு ஒரே ஒரு வார்த்தை... ம்? நமக்குள்ள என்ன..."

பின்னால் திருகு முடுக்கும் ஓசை நின்றிருந்தது. அதைச் சம்மதம் என்று கொண்டு, உலகத்து மட்டக் கம்பிகளையெல்லாம் வெகுநேரம் வைதார். அதற்குள் எதிரே அவர் வீட்டு வானொலி பாதிப் பாட்டில் உயிர்பெற்றது. சற்றுப் பொறுத்து, ஈரத்துணிமேல் சூடான பெட்டி இறங்கும் 'சுர்ர்' ஒலி.

"கேட்டீங்களா! செம்பு சூடேற நேரமாகும்னு எனக்குத் தெரியும்!"

வெற்றியோடு திரும்பினார். கடைக்காரரின் முக்காலி காலியாக இருந்தது. பெட்டியும் இல்லை. மேசைமேல், ஒரு சுற்றும் பிசகாமல், அவருடைய செம்புக்கம்பி மட்டும் மின்னிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து முதன்முறையாக, எதிரே வீட்டுக்குள்ளிருந்து மனைவியின் குரல் கேட்டது; அதுவும் கடைக்காரரிடம், அவரிடம் அல்ல.

"தம்பி, வரும்போது தான் சுத்தின அந்தச் செம்பையும் கையில எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க அவர!"