கதவு மூடினால் புறப்பட்டதாகக் கணக்கு

மேலே எழுதியிருக்கும் பெயரும் முகவரியும் என்னுடையவைதான். வயது நாற்பத்து நான்கு. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் மெக்கானிக்காக வேலை பார்க்கிறேன். வேலையிடத்தில் என்னை 'அரைமாடி' என்று கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரிய மனிதரை இரண்டு மாடிக்கு நடுவில் தொங்கவிட்டதால் வந்த பெயர் அது. அன்று நடந்தது கைத்தவறு. இன்று நடந்தது கைத்தவறு இல்லை.

விமான நிறுவனத்தின் மேலாளர் கொடுத்த புகாரை இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் அவரை லிஃப்டுக்குள் அடைத்து வைத்ததாக அதில் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும் என்று கேட்டேன். சுருக்கமாகச் சொல்லும்படி எழுத்தர் ஐயா சொன்னார். சுருக்கமாகவே சொல்கிறேன்.

எனக்கு ஒரே அக்கா. அவர் வேறு ஊரில் அப்பாவைப் பார்த்துக்கொண்டு அப்பாவின் வீட்டிலேயே இருந்தார். வீட்டை அப்பா அக்கா பெயருக்கு எழுதியபோது நான், இனி இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன் என்று கோபத்தில் சொல்லிவிட்டேன். அதன் பிறகு எத்தனையோ முறை மிதித்துப் போய் வந்திருக்கிறேன். ஆனால் அக்கா அந்த ஒரு பேச்சை மட்டும் பத்திரமாக வைத்திருந்தார்.

சில மாதங்களுக்கு முன்பு அப்பா இறந்துவிட்டதாக அக்கா விடியற்காலையில் போன் செய்தார். "நீ வந்து முகத்தைப் பார்த்த பிறகுதான் எடுப்போம், சீக்கிரம் வா" என்றார். நான் கையில் கிடைத்த சட்டையை மாட்டிக்கொண்டு காலை விமானத்தில் ஏறினேன். இரண்டு மணி நேரப் பயணம். உட்கார்ந்ததும் 'ஏறிட்டேன்' என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பினேன். அதன் பிறகு கதவை மூடினார்கள். போனை அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன். அதன் பிறகு ஒரு வண்டி வந்து விமானத்தைப் பின்னால் தள்ளி, ஒரு லாரி நீளம்கூட இருக்காது, அங்கேயே விட்டுவிட்டுப் போனது. அதன் பிறகு விமானம் அசையவில்லை.

முதலில் ஓடுபாதையில் நெரிசல் என்று அறிவித்தார்கள். அதன் பிறகு ஏதோ ஒரு விளக்கு எரியவில்லை என்றார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஏணி போட்டு ஒருவர் ஏறி மூடியைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டு, இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். கோளாறு எங்கே என்று தெரியாதவன் அப்படித்தான் நிற்பான், நானும் நின்றிருக்கிறேன். பணிப்பெண்ணிடம் எத்தனை முறை கேட்டாலும் "இதோ கிளம்பிடுவோம் சார்" என்பதுதான் பதில்.

எங்கள் தொழிலில் கதவு மூடி லிஃப்ட் வண்டி நின்றுவிட்டால் அதற்கு 'மாட்டிக்கொண்டது' என்றுதான் பெயர். நாங்கள் போனதும் முதல் வேலையாக உள்ளே இருப்பவர்களிடம் பேச வேண்டும். எப்போது திறக்கும் என்று தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்ல வேண்டும், 'இதோ' என்று சொல்லக்கூடாது. இதை நான் பணிப்பெண்ணிடம் சொன்னேன். அவர் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

அதன் பிறகு சொல் பேச்சு கேட்காமல் போனைப் போட்டுப் பார்த்தேன். சார்ஜ் இல்லை. பக்கத்தில் இருந்தவர் தன் போனைக் கொடுத்தார். அக்காவின் எண் எனக்கு மனப்பாடம் இல்லை. அந்தப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. இப்போது எண் மனப்பாடம்.

மத்தியானத்துக்குப் பிறகு விமானம் பறந்தது. நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது வாடகை நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கூடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள், தரை இன்னும் ஈரமாக இருந்தது. நான் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே அக்கா கேட்டார்: "நேரத்துக்குக் கிளம்பின விமானம் எங்கடா போச்சு?" என்னைக் காணவில்லை என்று அவர் விமான நிறுவனத்துக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். சரியான நேரத்துக்குப் புறப்பட்டுவிட்டது என்று அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். நான் நடந்ததைச் சொன்னேன். "கிளம்புச்சு, ஆனா கிளம்பலையா? காதுல பூ சுத்தாதே. வாசப்படி மிதிக்க மாட்டேன்னு சொன்னே, சொன்னபடி செஞ்சுட்டே" என்றார். விமானத்தில் ஏறக் கொடுத்த நுழைவுச்சீட்டைக் காட்டினேன். அதில் அச்சடித்திருந்த நேரமும் அவர்கள் போனில் சொன்ன நேரமும் ஒன்றாக இருந்ததால், அது எனக்கே எதிர்ச்சாட்சி ஆகிவிட்டது. அதன் பிறகு அக்கா என்னோடு பேசவில்லை. போனில் என் எண்ணையும் தடை செய்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் விமான நிறுவனத்திடம் தாமதத்துக்கு இழப்பீடு கேட்டு எழுதினேன். பணத்துக்காகத்தானே என்று எழுத்தர் ஐயா கேட்டார். பணம் வேண்டாம் என்று சொன்னால் பொய். ஆனால் தாமதமானால்தான் இழப்பீடு கொடுப்பார்கள். அப்படியானால் ஒரு ரூபாய் கொடுத்தாலும் தாமதமானது என்று ஒப்புக்கொண்டதாகும், அதை அக்காவிடம் காட்டலாம் என்பதுதான் என் எண்ணம். புறப்பாட்டில் தாமதமே இல்லை, வழியில் ஏற்பட்ட தாமதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று பதில் வந்தது. மறுபடி எழுதினேன். அதே பதில், மேலே தேதி மட்டும் வேறு.

அதன் பிறகு நேரில் போனேன். அவர்கள் அலுவலகம் இருக்கும் கட்டடத்தின் லிஃப்டும் எங்கள் கம்பெனிப் பராமரிப்பில் உள்ளதுதான். மேலாளர் பொறுமையாகத்தான் பேசினார், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. "கதவு மூடி சக்கரம் நகர்ந்துட்டா புறப்பட்டதா கணக்கு சார். அதான் முறை" என்றார். நின்றது உண்மையா இல்லையா என்று கேட்டேன். "அது வேற சார்" என்றார். ஐந்தாறு முறை நடையாய் நடந்தேன். ஒவ்வொரு முறையும் முதல் முறை பார்ப்பது போலவே உட்காரச் சொன்னார். பராமரிப்பு வேலைக்குச் சீருடையில் போகும் நாட்களில் அதே ஆள் என்னைத் தாண்டித்தான் போவார், என் முகம் அவருக்குத் தெரியாது.

இன்று காலை அந்த லிஃப்டைச் சோதிக்கப் போயிருந்தேன். லிஃப்டுக்குள் இருக்கும் அவசரப் பொத்தானை அழுத்தினால் அதில் பதிந்திருக்கும் எண்ணுக்கு அழைப்பு போகும், ஸ்பீக்கரில் பேசலாம். சோதிக்கும்போது வழக்கமாக எங்களில் ஒருவர் எண்ணைத் தற்காலிகமாகப் போட்டு அழுத்திப் பார்ப்போம். இன்று நான் அக்காவின் எண்ணைப் போட்டேன். தெரியாத எண் என்றால் எடுப்பார் என்று நினைத்தேன். எடுத்தார். "யாரு? லைன்ல யாரு?" என்றார். நான் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தேன். வைத்துவிட்டார். நான் பொத்தான் பலகையைப் பார்த்தபடியே நின்றேன். எண்ணை மாற்ற வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை.

அப்போது மேலாளர் உள்ளே வந்தார், தரைத்தளத்துக்குப் பொத்தானை அழுத்தினார். கதவு மூடி, வண்டி இறங்கத் தொடங்கியதும் என் சீருடையைப் பார்த்து, "இந்த லிஃப்ட் எப்பவுமே லேட்டுய்யா. உங்களுக்கெல்லாம் காசே கொடுக்கக் கூடாது" என்றார். அதன் பிறகு நான் லிஃப்டை நிறுத்தும் பராமரிப்புச் சாவியைப் போட்டுத் திருப்பினேன். வண்டி அரை மாடி இறங்கி நின்றது.

"என்னாச்சு, நின்னுடுச்சா?" என்றார். "நிக்கலை சார், கிளம்பியாச்சு. கதவு மூடியாச்சு, நகர்ந்தாச்சு" என்றேன். அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். எப்போது திறக்கும் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அதன் பிறகு அவர் கத்தினார், கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார், கதவைத் தட்டினார். நான் அவரைத் தொடவில்லை, திட்டவில்லை. கடைசியில் அவசரப் பொத்தானை அழுத்தினார். நான் அப்போதுதான் எண் நினைவுக்கு வந்து திடுக்கிட்டேன். நான் தடுப்பதற்குள் அக்கா எடுத்துவிட்டார்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டேன்மா, உங்க ஆளு அடைச்சு வச்சிருக்கார்" என்றார் மேலாளர். "எங்க ஆளா? நீங்க யாரு?" என்றார் அக்கா. மேலாளர் தன் பெயரையும் விமான நிறுவனத்தின் பெயரையும் சொன்னார். நான், "அக்கா, அன்னிக்கு விமானம் நின்னுச்சா இல்லையான்னு இவர்கிட்டயே கேளு" என்றேன். மேலாளர் உடனே, "நின்னுச்சும்மா, நின்னுச்சு, தொறக்கச் சொல்லுங்க" என்றார். எனக்கு மலையை இறக்கி வைத்தது போல் இருந்தது.

ஆனால் அக்கா, "டேய், முதல்ல கதவைத் தொற. அடைச்சு வச்சுக் கேட்டா எவனும் ஆமாம்னுதான் சொல்லுவான்" என்றார். இத்தனை மாதத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு இதுதான். வெளியே விட்டால் இவர் மறுபடி 'அது வேற சார்' என்பார் என்று எனக்குத் தெரியும். இருந்தும் சாவியைத் திருப்பினேன். வண்டி கீழ் மாடிக்கு இறங்கியது, கதவு திறந்தது, மேலாளர் திரும்பிப் பார்க்காமல் வெளியேறினார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

நான்கைந்து அடி போனவர் நின்றார். கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டு திரும்பி வந்து, லிஃப்டுக்குள் கால் வைக்காமல், வெளியே நின்றபடியே ஸ்பீக்கரைப் பார்த்துப் பேசினார். "அம்மா, அன்னிக்கு அந்த விமானம் மத்தியானம் வரைக்கும் நின்ன இடத்துலயே நின்னுச்சு. உங்க தம்பி அதுக்குள்ளதான் இருந்தார்." அதன் பிறகு என்னிடம், "நான் போலீஸுக்குப் போறேன்" என்றார். "போங்க சார்" என்றேன். அவர் படியில் இறங்கிப் போனார்.

அதைக் கேட்டு அக்கா அழுதாரா என்று எழுத்தர் ஐயா கேட்டார். அந்த ஸ்பீக்கரில் அவ்வளவு தெளிவாகக் கேட்காது. அதை மாற்றச் சொல்லிக் கட்டட நிர்வாகத்திடம் ஏற்கெனவே சொல்லியிருக்கிறேன். ஆனால் அவர் வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. கதவு தானாக மூடி, யாரோ மேலே அழைத்து, வண்டி ஏறத் தொடங்கிய பிறகுதான் அக்கா, "உன்னை எந்த ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போவாங்கன்னு கேட்டுச் சொல்லு, வர்றேன்" என்றார்.

ஜாமீன் கொடுக்க அக்கா ரயிலில் வந்துகொண்டிருக்கிறார். விமானத்தில் வர வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவர் வரும்வரை இந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும்படி சொல்லியிருக்கிறார்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இழப்பீடு கேட்டு எழுதியதை நான் திரும்பப் பெறவில்லை. மேலாளர் தன் புகாரில், லிஃப்டின் கதவு மூடியதிலிருந்து திறந்தது வரை தான் அடைபட்டிருந்ததாகக் கணக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கு சரி. எனக்கும் அதே கணக்கைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் சொன்னதை எழுதி எனக்கு உரக்கப் படித்துக் காட்டினார்கள். யாரும் மிரட்டிச் சொல்ல வைக்கவில்லை. அறையின் கதவு திறந்தே இருந்தது. எல்லாம் உண்மை.

(கையொப்பம்)